நாவல் பாத்திரங்களுக்கு ஃப்ராய்டைப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் இந்த 'ஈகோ'வைச் சரிசெய்துவிடலாம். 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி' என்று நாம் பேச்சில் சொல்கிற ஈகோ வேறு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் ஈகோ வேறு. அவர் ஜெர்மனில் எழுதியது 'இஷ்', அதாவது 'நான்'. இட் என்பது வெறும் 'அது'. சூப்பர் ஈகோ 'மேல்-நான்'. இவற்றுக்கு லத்தீன் சாயம் பூசியது ஆங்கில மொழிபெயர்ப்பு. மனதை இப்படி மூன்றாகப் பிரித்து 1923இல் ஃப்ராய்ட் விளக்கிய இந்த அமைப்பில், 'அது' இப்போதே வேண்டும் என்று அடம்பிடிக்கும். 'மேல்-நான்' கூடாது என்று கண்டிக்கும். இரண்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே பஞ்சாயத்து பேசுவதுதான் 'நான்'. அதனால் திமிர் பிடித்த நாயகனைப் பற்றி 'இவனுக்கு ஈகோ அதிகம்' என்று எழுதினால், ஃப்ராய்டின் கணக்கில் அவன் நிதானமானவன் என்று சொல்லிவிட்டீர்கள்.

அடுத்தது பங்கு பிரிக்கிற பழக்கம். குடிகார அண்ணன் இட், கண்டிப்பான அம்மா சூப்பர் ஈகோ, நடுவில் தவிக்கிற நாயகி ஈகோ. கட்டுரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த இழுபறி ஒரே மனதுக்குள் நடப்பது. அந்த அம்மாவுக்கும் ஓர் இட் இருக்கிறது. மகளைத் திட்டி அனுப்பிவிட்டு, அவளுடைய கடிதத்தை அம்மா ரகசியமாக இரண்டாம் முறை எடுத்துப் படித்தால், நாவல் சூடுபிடிப்பது அங்கேதான். பங்கு பிரித்தவருக்கு அந்தப் பக்கம் கண்ணிலேயே படாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, பாத்திரத்துக்கு நாமே ஒரு குழந்தைப் பருவத்தை எழுதிக் கொடுப்பது. 'சிறு வயதில் இவனுக்குத் தாயன்பு கிடைத்திருக்காது' என்று ஆரம்பிப்போம். யார் சொன்னது? பாத்திரத்துக்கு நாவலில் உள்ள சொற்களைத் தாண்டி அடிமனம் கிடையாது. ஃப்ராய்ட் தன் நோயாளிகளைச் செய்ததுபோல் சோபாவில் படுக்க வைத்து மேற்கொண்டு கேள்வி கேட்கவும் முடியாது. பாத்திரங்களை அசல் மனிதர்களாக நினைத்துத் துருவுகிற விமர்சனத்தைக் கிண்டல் செய்து, ஆங்கில விமர்சகர் எல். சி. நைட்ஸ் 1933இல் ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரம் ஒன்றை வைத்து ஒரு கட்டுரைக்கு 'லேடி மெக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?' என்றே தலைப்பு வைத்தார்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். தந்தையின் சாவுக்கு வந்த மகன், யாரும் கேட்காமலேயே, 'அப்பா மேல எனக்குக் கோபமே இல்லை' என்கிறான். அரைப் பக்கத்துக்குள் மூன்று முறை. அப்புறம் அலமாரியைத் துடைக்கும்போது அப்பாவின் கண்ணாடி அவன் கை தவறி விழுந்து உடைகிறது. உதிரும் சில்லுகளை இரண்டு வரிக்கு விவரிக்கிற ஆசிரியர், அவன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. கேட்காத மறுப்பு, கை தவறல், ஆசிரியரின் மௌனம் என்று மூன்றுமே பக்கத்தில் இருப்பவை. அமுக்கி வைத்த ஒன்று 'இல்லை' என்ற வேடத்தில் வெளியே வருவதைப் பற்றி ஃப்ராய்ட் 1925இல் எழுதியது இங்கே உதவும். இடிபஸ் சிக்கல் (மகனுக்குத் தாய்மேல் ஆசை, தந்தைமேல் போட்டி) வரைக்கும் தாவ இது போதாது என்பது என் கருத்து. அதற்கு அம்மாவும் கதைக்குள் வந்தாக வேண்டும்.

அமுக்குவதையும் மறைப்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோபம் இருப்பது தெரிந்தே அவன் அப்படிச் சொன்னால் அது வெறும் பொய். தனக்கே தெரியாமல் சொன்னால்தான் ஃப்ராய்டுக்கு வேலை. எது என்று வாசகருக்கு உணர்த்தும் வரி நாவலில் இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

பாத்திரத்தின் சிக்கலை அப்படியே ஆசிரியர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. அது வாழ்க்கை வரலாறு எழுதுபவரின் வேலை, அதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

மொழிபெயர்ப்பு நாவல் என்றால் இன்னொரு வம்பு உண்டு. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுமுன் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதில் ஃப்ராய்டே சறுக்கினார். லியோனார்டோ டா வின்சியின் தொட்டில் நினைவில் ஒரு பறவை வருகிறது. 1910இல் அதை ஆராய்ந்த ஃப்ராய்ட், பிணந்தின்னிக் கழுகு என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கழுகின் உருவத்தால் 'தாய்' என்று எழுதிய எகிப்தியர்வரை போய்விட்டார். ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் அது கழுகு. லியோனார்டோ இத்தாலியில் எழுதியிருந்தது பருந்து.