எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் எந்த வரியைத் தேடுவது?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால், மஜ்ஜை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பி 'பிளாஸ்ட் எத்தனை சதவீதம்' என்று மட்டும் கேட்பார்கள். பிளாஸ்ட், அதாவது முதிராத ரத்த செல், முக்கியம்தான். ஆனால் சைட்டோஜெனடிக்ஸ், ஃபிஷ் (இரண்டுமே குரோமோசோம் மாற்றத்தைப் பார்க்கிற சோதனைகள்) என்று தலைப்புப் போட்ட பகுதியை விட்டுவிடாதீர்கள், பல சமயம் அது தனி ரிப்போர்ட்டாக சில நாள் கழித்துத்தான் வரும், கேட்டு வாங்குங்கள்.

அங்கே ரன்எக்ஸ்1, காட்டா1, ஆர்.ஏ.ஆர்.ஏ என்று பெயர்கள் இருக்கும். எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று ஏவுகிற புரதங்களின் பெயர்கள் இவை, சைட்டில் மேஸ்திரி மாதிரி. மேஸ்திரி கெட்டால் செல் முதிராமல் பாதியில் நின்று, பெருகிக்கொண்டே போகும்.

ஏ.எம்.எல் என்ற வேகமான ரத்தப் புற்றுநோயில் டி(8;21), அதாவது 8, 21-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியது, என்றிருந்தால் ரன்எக்ஸ்1 வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பயப்படாதீர்கள், கீமோவுக்கு நன்றாகக் கேட்கிற வகை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இன்னொரு வகையான ஏ.எல்.எல்-லில் டி(12;21) வந்தாலும் அப்படித்தான். பிலடெல்பியா குரோமோசோம், அதாவது டி(9;22), என்றால் அது வேறு கதை, அங்கே கெட்டது ஒரு என்சைம்.

ஏ.எம்.எல்-லிலேயே ஏ.பி.எல் என்ற வகையைக் காட்டும் டி(15;17) இருந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். ஆர்.ஏ.ஆர்.ஏ என்பது ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டினால் செல்லை முதிரவைக்கும் புரதம், பி.எம்.எல் என்ற இன்னொரு புரதத்தோடு இணைந்தபின் உடம்பில் இருக்கிற அளவுக்கு அது அசையாது. அட்ரா மாத்திரை அதே அமிலத்தைப் பெரிய அளவில் கொடுக்கிறது, செல் முதிர்ந்து தானாகச் சாகிறது. கூடவே ஆர்சனிக் டிரையாக்சைடு அந்த ஒட்டுப் புரதத்தையே சிதைக்கிறது. வெள்ளையணு 10,000-க்குள் இருந்தால் பெரும்பாலும் கீமோவே இல்லாமல், 10 பேரில் 9 பேருக்கு மேல் குணமாகிறார்கள். (வைட்டமின் ஏ வகையறாதானே என்று காசிமேட்டில் சுறா ஈரல் வாங்கிச் சமைத்துப் போட வேண்டாம், ஆபத்து.)

ஆனால் முதல் சில நாட்களில் மூளையில் ரத்தம் கசிந்தே பலர் போய்விடுகிறார்கள். அதனால் இந்த வகை என்று சந்தேகம் வந்தாலே, மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அட்ரா தொடங்குவதுதான் முறை. ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டுகள், பிளேட்லெட் சரிவு என்றால் நாளைக்கு ஓ.பி.யில் பார்க்கலாம் என்று இழுக்காமல், ராத்திரியானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம், மருந்து தொடங்கியபின் மூச்சுத் திணறலோ காய்ச்சலோ திடீரென எடை ஏற்றமோ தெரிந்தால் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், ரவுண்ட்ஸ் வரும்வரை வைத்திருக்காதீர்கள்.