ஊர்க்குளத்தைப் பற்றி 24 பக்கப் படநூல்: பிள்ளைகளுக்குச் செய்யும் முறை

வன்னி வரலாறு முழுவதையும் ஒரே புத்தகத்தில் சொல்ல வெளிக்கிடாதீர்கள். பெயரும் ஆண்டுமாக அடுக்கிய பக்கத்தைத் தரம் 4 பிள்ளை வாசிக்காமலே புரட்டிவிடும். ஒரு மரம், ஒரு கோட்டை, ஒரு குளம் என்று சிறிதாக எடுங்கள். மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரம் ஒரு புத்தகத்துக்குப் போதும். அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் ஆளுநர் நோர்த்தின் மாளிகை இன்னொரு புத்தகம். முதல் முயற்சிக்கு உங்கள் ஊர்க்குளமே நல்லது, ஏனென்றால் சந்தேகம் வந்தால் நேரே போய்ப் பார்க்கலாம். வரலாறு தனிப்பாடமாகத் தரம் 6 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பிள்ளைகள் படிப்பது சுற்றாடல். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு வரலாற்றின் வாசல் அவர்கள் குளிக்கும் குளமாகவே இருக்கட்டும்.

படத்துக்குத்தான் முதலில் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் கதையை எழுதி முடித்துவிட்டு ஓவியரிடம் கொடுக்கிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. "குளம் நிரம்பியது" என்று எழுதுவதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதை வரைவதற்கு, தண்ணீர் குளக்கட்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கும், எந்த மாதம், வயல் என்ன நிறம், கரையில் என்ன மரம் என்று எல்லாம் தெரிய வேண்டும். எழுத்தை மறந்த பிள்ளையும் படத்தை மறக்காது. ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒரு கொப்பியில் படத்துக்கான கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

குளத்தின் குறுக்குவெட்டுப் படம்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். இடப்பக்கம் தண்ணீர், நடுவில் கட்டு, வலப்பக்கம் வயல் என்று வரையுங்கள். மண்கட்டின் தண்ணீர்ப் பக்கச் சரிவு படிந்ததாக இருக்கும். அலை அரிக்காமல் அங்கே கல் பதித்திருப்பார்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு கட்டின் அடிப்பாகத்தை ஊடறுத்துப் போகும். அதை மேலே வரைந்துவிட்டால், தண்ணீர் குறைந்த ஆவணியில் வாய்க்காலுக்கு எப்படி நீர் போகும் என்று பிள்ளை கேட்கும். அது நியாயமான கேள்வி. வான் எப்போதும் கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்கும். தண்ணீர் மண்கட்டுக்கு மேலால் பாய்ந்தால் கட்டு அரிபட்டு உடைந்துவிடும். மிச்சத் தண்ணீரை முதலே வெளியே விடத்தான் வான். வானையும் கட்டையும் ஒரே மட்டத்தில் வரைந்த படங்கள் நிறைய உண்டு. அப்படி வரைந்தால் குளம் ஏன் உடையாமல் நிற்கிறது என்பதையே சொல்ல முடியாது. துருசுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள், அளவு தானாகப் புரியும்.

காலத்தைக் கலக்காதீர்கள். மாரி மழை விழுவது ஐப்பசி தொடக்கம். குளம் வான் பாயும் டிசம்பரில் காலபோக வயல் பச்சையாக நிற்கும். பழுத்த கதிரையும் பாயும் வானையும் ஒரே படத்தில் வைத்தால் கமக்காரர் வீட்டுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். இன்னொரு பிழை, குளத்துக்குப் பின்னால் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைவது. வன்னி சமதரை. பின்னணியில் காடும், பனையும், கரையோரம் மருதும், பாலையும் வரட்டும்.

தகவலுக்கு எங்கே போவது? பெரிய குளங்களின் அளவுகள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறிய குளங்களின் விவரம் கமநல சேவை நிலையத்திலும் கிடைக்கும். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம் ஒன்று வாங்குங்கள். உங்கள் குளத்தின் வான் நீர் அடுத்த எந்தக் குளத்துக்குப் போகிறது என்று அதில் விரலால் தொடரலாம். "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஊர் மலர்களும் கோயில் மலர்களும் கிடைக்கும். பழைய விவரத்துக்கு ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கையேடு இருக்கிறது. அது ஆங்கிலேய நிர்வாகி ஒருவரின் கண்ணால் பார்த்தது என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் விடை வராது. "64 சூறாவளிக்கு முன்னமோ பின்னமோ?", "95 இடப்பெயர்வு நேரம் கட்டு இப்படியே இருந்ததோ?" என்று கேளுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியே கேட்டு ஒத்துப்போனதை மட்டும் ஆண்டோடு எழுதுங்கள். போர்க்காலத்தைப் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். அதை ஒதுக்கவும் வேண்டாம், பறித்தெடுக்கவும் வேண்டாம். சொன்னவரின் அனுமதி இல்லாமல் பெயரோ முகமோ அச்சில் வரக்கூடாது. அனுமதி கிடைத்தாலும், வரைந்த பக்கத்தை அச்சுக்கு முன் கொண்டுபோய்க் காட்டுங்கள். உறவைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்தப் புத்தகத்தை வாசிக்கப்போகிற பிள்ளையும் இருக்கிறது.

மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கற்சிலைமடுவில் நட்ட நினைவுக்கல்லின் வாசகம் 1803 ஒக்ரோபர் 31 இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைத்தான் சொல்கிறது. அங்கே இறந்தான் என்று சொல்லவில்லை. ஆனால் பல படங்கள் அவனை அங்கேயே வீழ்த்திவிடுகின்றன. ஊர்களில் நிற்கும் சிலைகள் பிற்காலத்தவை. அவற்றைப் பார்த்து முகத்தை வரைந்தால் "ஓவியரின் கற்பனை" என்று படத்தின் கீழேயே போடுங்கள். தெரிந்ததற்கு "நடந்தது", கேள்விப்பட்டதற்கு "என்று சொல்கிறார்கள்" என்ற பழக்கம் புத்தகம் முழுக்க இருக்கட்டும். பெருக்கமரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது இரண்டாவது வகை.

மாதிரிப் புத்தகம்

ஆறு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். ஏ5 அளவில் 24 பக்கம் வரும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்கும். 22 பக்கத்தில் முடித்தால் இரண்டு வெறும் பக்கம் விழும். பக்கம் 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம், 3 அறிமுகம், 24 சொல்விளக்கம். இடையில் 4–5 தொடக்கம் 22–23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விடயம், 60 முதல் 70 சொல். அதற்கு மேல் போனால் படத்தின் இடத்தை எழுத்து தின்னும்.

12–13 மட்டும் ஒரே தாளில் வரும் நடுப்பக்கம். குறுக்குவெட்டுப் படத்தை அங்கே வையுங்கள். மற்ற இரட்டைப் பக்கங்களில் இடது பாதி ஒரு தாளிலும் வலது பாதி இன்னொரு தாளிலும் இருப்பதால் மடிப்பில் சற்று விலகும். முகமோ எழுத்தோ மடிப்பில் விழக்கூடாது.

இரட்டைப் பக்கப் படத்தை ஏ3 தாளில் வரைந்தால் அச்சில் ஏறக்குறைய 70 வீதமாகச் சுருங்கும். மயிர்க்கோடுகள் காணாமல் போகும், ஆகவே கோட்டைத் தடிப்பாகப் போடுங்கள். நான்கு ஓரமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக நிறம் போக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியும். ஸ்கேன் 300 டிபிஐ. போனில் எடுத்த படம் ஓரங்களில் இருண்டு வரும். மாரியில் நீர்வர்ணம் காய நாள் எடுக்கும், தாளும் நெளியும். வர்ண வேலையைப் பங்குனிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தும் அச்சும்

தட்டெழுத்தை யூனிகோடில் செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் உலக மொழிகளுக்கான பந்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கொ" என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். கதை எழுத்தின் அளவு 16 புள்ளி, வரி இடைவெளி 24. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் "கூ" வாலும் கீழ்வரியின் "கீ" விசிறியும் முட்டும். படத்துக்குள் பெயர்ச்சொற்கள் 11 புள்ளி. துருசு, வான், அலைகரை என்று ஊர் சொல்லும் பெயரையே போடுங்கள்.

எழுதி முடித்ததும், அச்சுக்கு முன், எழுத்தை மறைத்துப் படங்களை மட்டும் நான்கைந்து பிள்ளைகளுக்குக் காட்டி என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பிழையாகச் சொல்லும் பக்கத்தில் படத்தைத் திருத்துங்கள், விளக்க வசனம் சேர்க்காதீர்கள்.

உள்தாளின் கனம் 120 அல்லது 130 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்குக் கிராம்). 80 என்றால் மறுபக்கப் படம் தெரியும். அட்டை 250. திரையில் பளிச்சென்ற வயல் பச்சை நான்கு நிற அச்சில் மங்கும். ஒரு மாதிரிப் பிரதி எடுத்து வெயிலில் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். சில நூறு பிரதிக்கு டிஜிட்டல், ஆயிரத்தை எட்டினால் ஓவ்செட். ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுக்கு முன்பே பெறுங்கள். அட்டை அடித்த பின் எண்ணை ஒட்டுத்தாளில்தான் போட வேண்டிவரும். மூலப் படங்களையும் திருத்தக்கூடிய கோப்பையும் உங்களிடமே வைத்திருங்கள். புத்தகம் ஊருக்குள் போனதும் வயதானவர்கள் திருத்தம் சொல்வார்கள், இரண்டாம் பதிப்புக்கு அவை வேண்டும்.