சும்மா பேருக்கு ஒரு டைரக்டர்

நண்பனின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒரு டைரக்டர் விலகிவிட்டார். குறைந்தது இரண்டு பேர் இருந்தாக வேண்டும். "சும்மா பேருக்குத்தாண்டா. பான், ஆதார், ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பு" என்கிறான். சாயங்காலத்துக்குள் ஓடிபி வருகிறது, நாமும் சொல்லிவிடுகிறோம்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது: முந்தைய ஆள் ஏன் போனார் என்று கேட்கவில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைத் தட்டினால் கடைசியாகத் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டின் தேதி தெரியும். அது மூன்று வருடம் பழையதாக இருந்தால் நில்லுங்கள். தொடர்ந்து 3 நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்களை 2013 கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவு 5 ஆண்டுகளுக்குத் தகுதியிழக்கச் செய்கிறது. புதிதாக வந்தவருக்கு 6 மாத அவகாசம் உண்டு. அதற்குள் தாக்கல் பாக்கியைச் சரிசெய்யாவிட்டால் அவரும் மாட்டுவார். வேடிக்கை என்னவென்றால், பதவி போவது பாக்கி வைத்த கம்பெனியில் இல்லை. நீங்கள் ஒழுங்காக நடத்தும் மற்ற கம்பெனிகளில். 2017இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தகுதியிழந்ததாக அறிவிக்கப்பட்டு, பலர் உயர் நீதிமன்றங்களுக்கு அலைந்தார்கள். தாமதக் கட்டணமும் சின்னதில்லை: ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், வருடத்துக்கு 36,500.

சேரும் தேதியை யாரும் யோசிப்பதில்லை. பிரைவேட் கம்பெனியிடம் வருமான வரியை வசூலிக்க முடியாவிட்டால், அந்த ஆண்டில் எப்போதாவது டைரக்டராக இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்கலாம் என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு என்று வரிக்காரர்களுக்குப் பழகிப்போன விதி. 'எப்போதாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மார்ச் 28ஆம் தேதி சேர்ந்தால் முழு ஆண்டின் வரியும் உங்கள் தலையில் விழலாம். நான்கு நாள் பொறுத்து ஏப்ரல் 1 சேர்ந்தால் விழாது. என் அலட்சியத்தால் வந்த பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் உங்களுடையதே. ஜிஎஸ்டி சட்டத்தின் 89ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே வழிதான். 'லிமிடெட்' என்ற வார்த்தையை நம்பித் தூங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை படிக்கலாம்.

அடுத்தது கையெழுத்து. செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வாங்கிக்கொண்டால், செக் திரும்பும்போது வழக்கில் உங்கள் பெயரும் வரும். கடன் புதுப்பிக்கும் நாளில் வங்கி நீட்டும் காகிதக் கட்டின் நடுவே சொந்த ஜாமீன் பத்திரம் இருக்கும். டைரக்டர் பதவியை விட்டாலும் அது உங்களை விடாது. ஜாமீன்தாரர் மீது தனியே திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது.

கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது பாதுகாப்பு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் கைக்கு வந்து, தவறைப் பார்த்தும் எதிர்ப்பு தெரிவிக்காதவரைக்கூட சட்டம் பொறுப்பாளியாகவே பார்க்கிறது. நிர்வாகத்தில் இல்லாத டைரக்டருக்குக் கொஞ்சம் சலுகை உண்டுதான், ஆனால் கவனமாக நடந்துகொண்டவருக்கு மட்டும். ஆட்சேபணையை மினிட்ஸில் எழுத வையுங்கள். அதோடு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். அது ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், ரப்பர் பேண்டு போட்ட கட்டோடு கிடக்கும். பாஸ்வேர்டு மேலே ஸ்டிக்கரில். உங்களுக்கே தெரியாமல் நீங்கள் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

விலகும்போது வாய்ச்சொல் போதாது. ராஜினாமாவை எழுதி அனுப்பி, கம்பெனிக்குக் கிடைத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். டைரக்டர் மாறியதைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி தாக்கல் செய்யாமல் இழுத்தடித்தால், விலகுபவரே ராஜினாமாவைத் தெரிவிக்கும் டிஐஆர்-11 படிவத்தை நீங்களே போடலாம். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு அதன் பிறகும் தொடரும். வரும்போது, அந்த டிராயரிலிருந்து டோக்கனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.