வெள்ளை உதிரிபாகப் படங்களில் கோடுகள் தெரிய

பிளாஸ்டிக் மாதிரி (மாடல் கிட்) செய்முறைக் கட்டுரைக்கு எடுத்த படங்களில் வெள்ளைப் பாகங்களின் பேனல் கோடுகள், அதாவது மேற்பரப்பில் பள்ளமாகப் பதிந்த மெல்லிய கோடுகள், மறைந்துபோயின. காரணம் கறுப்புப் பின்னணி. கேமரா காட்சியின் சராசரியை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பு நிறைந்தால் வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளையை வெளிறடித்துவிடும். வெள்ளைத் தாளில் வைத்தால் எல்லாமே மங்கும்.

நடுச்சாம்பல் அட்டைக்கு மாறியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதியைத் தீர்த்தது விளக்கின் உயரம். மேலிருந்து விழும் ஒளியில் பள்ளத்துக்கு நிழலே கிடையாது. விளக்கைப் பக்கவாட்டில், மேசையிலிருந்து 20 முதல் 30 டிகிரி சாய்வில் வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டையை நிறுத்தினேன். ஒவ்வொரு கோடும் எழுந்து நின்றது!

முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, 2 விநாடி டைமர் போதும். துளையை இன்னும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் (diffraction) கூர்மை குறையும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பாகங்களை ஒட்டும் கட்டத்துக்கு, பசை தடவும் முன்பே படமெடுங்கள்.