பாலிஷும் கியர்பாக்ஸும்: கார் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு வாக்குவாதங்கள் நிச்சயம் உண்டு. எந்த காம்பவுண்டு (தேய்க்கும் பசை) போட்டால் பெயின்ட் நன்றாக மின்னும் என்பது ஒன்று. மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் நடக்கும் தவறுகளைக் கவனித்தால் ஒரே காரணம்தான் தெரிகிறது. பெயின்டின் மேல் இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டும் சரி, கிளட்ச் தட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பூச்சும் சரி, தொழிற்சாலையில் அளந்து கொடுத்தவை. தேய்த்தால் குறையும், திரும்ப வளராது. நாம் இரண்டையும் தீராத சொத்து என்று நினைத்துச் செலவழிக்கிறோம்.

வருடம் தவறாமல் ரப்பிங்

புது காரில் தகட்டுக்கு மேல் இருக்கும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் இருக்கும். துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம் எல்லாம் போக, மேலே பளபளக்கும் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. பாலிஷ் போட்டுக் கீறலை ‘எடுத்துவிட்டோம்’ என்கிறார்களே, கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. சுற்றியுள்ள கிளியர் கோட்டை அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவிச் சமன் செய்கிறார்கள். பாலிஷ் என்றால் அவ்வளவுதான்.

இது புரிந்தால், ஒவ்வொரு சர்வீஸிலும் பில்லில் சேர்க்கப்படும் ‘ரப்பிங் அண்ட் பாலிஷ்’ எவ்வளவு பெரிய தவறு என்பதும் புரியும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கிறது. அது மெலிந்தால் கீழே இருக்கும் நிறத்துக்குக் காவல் இல்லை. பழைய கார்களில் கூரையும் பானெட்டும் மட்டும் வெளுத்து, செதில் செதிலாக உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்த பிறகு உலகத்தில் எந்த பாலிஷும் உதவாது, பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், கனமான ரப்பிங்கை ஒரு காரின் ஆயுளில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அனுமதிக்கவே கூடாது.

விரல் நகத்தை மெதுவாகக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு அடங்காத ஆழம். அதை முழுக்க மறைத்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைச் சுற்றி உங்கள் கிளியர் கோட்டை மொத்தமாக வழித்துவிடுவார் என்று பொருள். டச்-அப் பெயின்ட் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பது நல்லது.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இல்லாமல் மெஷினைக் கையில் எடுப்பதும் பரவலான தவறு. கருவி 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அந்தப் பலகை (கதவு, பானெட் மாதிரி ஒரு பாகம்) மறுபடி பெயின்ட் பார்த்தது என்று சந்தேகப்படலாம். 500க்கு மேல் போனால் உள்ளே பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது, டிங்கரிங் நடந்திருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். ஆனால் சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே அளவு வராது, அங்கே கை இன்னும் அடங்கி இருக்க வேண்டும். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலை பார்க்காத கடையில் காரை விடாதீர்கள்.

மெஷினிலும் இரண்டு வகை உண்டு. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், சூடும் கிளப்பும். தெரியாத கையில் ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் எரிந்துவிடும். சுற்றிக்கொண்டே ஆட்டமும் போடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்யும், தவறை மன்னிக்கும். வீட்டிலேயே முயல்கிறவர்கள் இரண்டாவதைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். காரை நன்றாகக் கழுவி, க்ளே என்ற களிமண் கட்டியால் தேய்த்து ஒட்டிய அழுக்கை எடுத்த பிறகு, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் வைத்து முயன்று பாருங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த கடுமைக்குப் போகலாம். முதல் அடியிலேயே கம்பளி பேடும் கனமான காம்பவுண்டும் எடுப்பது அவசரக்காரர் வேலை.

கடையில் பளபளத்த கார், நாலு வாஷ் போன பிறகு பழையபடி வட்ட வட்டக் கீறலோடு நிற்கிறதா? சில பாலிஷ்களில் எண்ணெயும் பள்ளத்தை நிரப்பும் பொருளும் இருக்கும். அவை கீறலை அடைத்து மறைக்கும், அவ்வளவே. கடையிலிருந்து காரைத் திரும்ப எடுக்கும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலவையைத் தெளித்து ஒரு பலகையைத் துடைக்கச் சொல்லி, வெயிலிலோ நல்ல எல்இடி விளக்கிலோ பாருங்கள். நேர்மையான கடைக்காரர் கேட்காமலே செய்து காட்டுவார்.

கீறல் எங்கிருந்து வருகிறது

பாலிஷைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையில் கார் துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில், வரிசையாக எல்லாக் கார்களையும் துடைக்கிறார். முதல் காரின் மண் கடைசிக் காரின் பானெட்டில் தேய்கிறது. தவறு அவருடையது இல்லை. அந்தச் சம்பளத்துக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் முடியும். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, உங்கள் காரை அதில் மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். இல்லை, தினமும் துடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாரம் ஒரு முறை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். தூசி தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. உலர்ந்த துணியால் அதைத் தேய்க்கும்போதுதான் கீறல் விழுகிறது. தூசி படிந்த காருக்கு மேல் கவர் போடுவதும் இதே கதைதான், காற்றடிக்கும்போதெல்லாம் கவர் உரசும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீரைப் பிடித்துக் காரைக் கழுவுகிறவர்கள் நிறைய. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கிறது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தி அந்தத் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்புப் புள்ளிகள் அப்படியே சுட்டு ஒட்டிக்கொள்ளும். டயருக்கும் அடிப்பாகத்துக்கும் அதைப் பயன்படுத்துங்கள். மேலே கடைசியாக ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும், காய்வதற்குள் ஒற்றி எடுங்கள். புதிதாக விழுந்த புள்ளி என்றால் வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்தாலே போய்விடும். விட்டு வைத்தால் பெயின்டை அரித்துப் பள்ளமாக்கும். பறவை எச்சமும் இதே ரகம்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிய பிறகு நகத்தால் சுரண்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பூஜை முடிந்த அன்று மாலையே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுத்தால் வேலை முடிந்தது.

செராமிக் கோட்டிங் பற்றிச் சுருக்கமாக. அதன் தடிமன் பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான். தண்ணீர் நிற்காமல் வழியும், கழுவுவது சுலபமாகும், பளபளப்பு கூடும். ‘9எச்’ என்று விளம்பரத்தில் வருவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு கடினத்தன்மைச் சோதனையின் அளவு. ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லுக்கு பெயின்டின் மேல் ஒட்டும் பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலம்தான், அது 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அப்புறம், கீறலைச் சரிசெய்யாமல் அதன் மேல் கோட்டிங் போட்டால் கீறலும் கோட்டிங்குக்குக் கீழே பத்திரமாக இருக்கும். பெயின்ட் அடித்து வந்த காருக்கு உடனே கோட்டிங் போடுவதும் வேண்டாம். கரைப்பான் முழுக்க ஆவியாகி பெயின்ட் இறுக எத்தனை நாள் என்று பெயின்டரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

‘ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் கேட்பது

இனி கியர்பாக்ஸ். ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக் இருக்கா?’ என்று மட்டும் கேட்டு, விலையை விசாரித்து புக் செய்துவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் வந்த கிரெட்டாவில் சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு சிவிடி வகை, டர்போ பெட்ரோலுக்கு டூயல் கிளட்ச், டீசலுக்கு டார்க் கன்வெர்ட்டர். ஒரே காரில் மூன்று ஆட்டோமேட்டிக், மூன்றுக்கும் ஓட்டும் முறை வேறு. 2022-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்டஸிலும் அப்படித்தான்: 1.0 லிட்டருக்கு டார்க் கன்வெர்ட்டர், 1.5 லிட்டருக்கு உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி (டூயல் கிளட்ச்சுக்கு அந்தக் கம்பெனி வைத்த பெயர்).

வித்தியாசம் இதுதான். டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துவது எண்ணெய். நெரிசலில் ஊர்ந்து போனாலும் தேய்வதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை. சிவிடியில் பல்சக்கரங்களுக்குப் பதில் பட்டையோ சங்கிலியோ இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும். ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் திடீரென்று மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். டூயல் கிளட்ச்சில் இரண்டு கிளட்ச். உலர் வகையில் சூட்டை எடுத்துப் போக எண்ணெய் கிடையாது, அதனால் நெரிசலில் சீக்கிரம் சூடாகும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ மிதிக்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் நம் ஊருக்கு வந்தது இதுதான். விலை குறைவு, மைலேஜ் மேனுவலுக்கு நெருக்கமாகவே இருக்கும். கியர் மாறும்போது தலை ஒருமுறை ஆடும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

காலை பதினொரு மணிக்கு ஷோரூமுக்குப் பின்னால் காலியான தெருவில் பத்து நிமிடம் ஓட்டினால் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. மாலை ஆறரை மணிக்கு ஓஎம்ஆரில் ஓட்டிப் பாருங்கள். பேஸ்மென்ட் சாய்வில் நிறுத்தி, மேலே ஏற்றுங்கள். பிறகு ரிவர்ஸிலும் ஏற்றுங்கள். சாய்வில் தயங்குவதும் பின்னால் உருள்வதும் அங்கேதான் தெரியும். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்பவர் டார்க் கன்வெர்ட்டரையோ சிவிடியையோ விட்டுவிட்டு டூயல் கிளட்ச் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஆள் வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் பறப்பவர் என்றால் பேச்சே வேறு.

சரி, வாங்கியாயிற்று. சாய்வில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி காரைப் பிடித்து நிறுத்துவது கிளட்ச்சைத் தின்னும் பழக்கம். ஏஎம்டியிலும் டூயல் கிளட்ச்சிலும் அது அரை கிளட்ச்சில் நிற்பதற்குச் சமம். பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விலகிக்கொள்ளும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகராமல், முன்னால் இரண்டு கார் நீளம் இடம் கிடைத்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும், நுழையட்டும். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, பார்க்கிங்கில் போட்டு, ஓனர்ஸ் மேனுவல் புத்தகத்தில் சொன்னபடி ஆறவிடுங்கள்.

மலைப்பாதையில் இன்னும் கவனம் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை டிரைவ் மோடில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் பாதியிலேயே பிரேக் கருகும் வாடையைப் பிடிப்பார்கள். கியரைக் கீழே வைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்க விடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது ஆபத்து மட்டுமில்லை, மிச்சமும் கிடையாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை அணையாமல் வைக்க அது எரியும்.

சாய்வில் நிறுத்தும்போது நேராக பார்க்கிங்கில் தள்ளிவிட்டு பிரேக்கை எடுத்தால் காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை எடுத்து கார் அமர்ந்த பிறகு பார்க்கிங் என்பதே வரிசை.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஓனர்ஸ் மேனுவலில் கடினப் பயன்பாட்டுக்கான அட்டவணையைத் தேடிப் படியுங்கள். நெரிசல், வெயில், மலை என்று அதில் எழுதியிருப்பது நம் ஊரையேதான்.

இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 1.5 லிட்டர் விர்டஸின் இன்ஜின் தரும் டார்க் (திருப்பு விசை) 250 நியூட்டன் மீட்டர். அதன் டிக்யூ200 கியர்பாக்ஸ் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டதும் அதே 250தான். கம்பெனியே எல்லையில் நிறுத்தியிருக்கிறது. மென்பொருளை மாற்றி இன்னும் ஐம்பது ஏற்றினால் முதலில் வழுக்கப்போவது கிளட்ச், அப்போது வாரண்டியும் கூட இருக்காது.

கடைசியாக டோயிங். ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டால், சக்தி போகும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். டார்க் கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் ஆயில் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்ற காரை இழுத்தால் உள்ளே எண்ணெய் இல்லாமலே எல்லாம் சுழலும். உதவிக்கு போன் செய்யும்போதே ‘ஆட்டோமேட்டிக் வண்டி, ஃபிளாட்பெட் அனுப்புங்க’ என்று சொல்லிவிடுங்கள். கொக்கி வண்டிதான் கிடைத்தது என்றால், முன்சக்கரம் ஓடும் காருக்கு முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும்.