கறுப்புப் பின்னணியில் பூ: படம் கெடும் இடங்கள்

கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஒரு பூவை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த துணி படத்தில் சாம்பல் பூத்து நிற்கும். மடிப்பு தெரியும், ஒட்டியிருக்கும் நூல் பிசிறு தெரியும். சரி, எடிட்டிங்கில் கறுப்பாக்கிவிடலாம் என்று உட்கார்வோம். அங்கே கறுப்பைக் கூட்டக் கூட்ட, பூவின் நிழல் பக்கமும் சேர்ந்து இருண்டு, ஐந்து இதழில் இரண்டைக் காணோம் என்றாகிவிடும்.

இந்த வகைப் படத்தில் நடக்கும் தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான்: கறுப்பைத் துணியிடமும் மென்பொருளிடமும் கேட்கிறோம். கேட்க வேண்டியது வெளிச்சத்திடம். வெளிச்சம் விழாத இடம் எதுவானாலும் படத்தில் கறுப்புதான், அது வெள்ளைச் சுவராக இருந்தாலும் சரி. வெளிச்சம் விழுந்துவிட்டால் கறுப்புத் துணியும் சாம்பல்தான்.

பூவைத் துணியோடு ஒட்டி வைப்பது

துணி சின்னது, ஃபிரேம் முழுக்க மூட வேண்டுமே என்று பூவைத் துணிக்குப் பக்கத்திலேயே வைப்பவர்கள் நிறையப் பேர். இங்கேதான் ஆட்டம் தோற்றுப்போகிறது. சின்ன விளக்கின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு பூவிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது, துணி பூவுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூவில் விழும் ஒளியில் ஏறக்குறைய 70 சதவீதம் துணியிலும் விழும். அதே துணியைப் பூவுக்கு 1 மீட்டர் பின்னால் கொண்டுபோனால், விளக்கிலிருந்து துணிக்குள்ள தூரம் பூவுக்குள்ளதைப் போல 3 மடங்காகிவிடும், விழும் ஒளி 9-ல் 1 பங்காகக் குறைந்துவிடும். எக்ஸ்போஷர் (கேமராவில் பதியும் ஒளியின் அளவு) கணக்கில் மூன்று ஸ்டாப்புக்கும் மேல்; ஒரு ஸ்டாப் குறைவது என்றால் ஒளி பாதியாவது. துணியை மாற்றவில்லை, விளக்கைத் தொடவில்லை, தள்ளி வைத்ததற்கே இவ்வளவு.

ஜன்னல் வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து வருவதால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது, ஆனால் வழி அதேதான். பூ ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதற்குப் பின்னால் அறையின் இருட்டான பகுதி வரட்டும். ஒளி பக்கவாட்டில் வந்து பூவைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும், துணியை நோக்கிப் போகக் கூடாது. போகிறது என்றால் நடுவில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி மறைத்துவிடலாம்.

வெளியில் எடுக்கும்போது துணியே வேண்டாம். வெயில் படும் பூ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பின்னால் ஒரு புதரின் நிழலோ மரத்தடி இருட்டோ வரும்வரை நீங்கள் இடம் மாறுங்கள். பல நேரம் இரண்டடி நகர்ந்தாலே போதும். நின்ற இடத்திலேயே நின்று எடுத்துவிட்டு, பின்னால் இருந்த பச்சையை எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது பெரிய வேலையை வலிய இழுத்துப் போட்டுக்கொள்வது.

துணி வாங்குவதென்றால் வெல்வெட் நல்லது. அதன் பொசுபொசுப்பான இழைகளுக்குள் ஒளி சிக்கிக்கொள்ளும். வழவழப்பான கறுப்பு அட்டை பளபளக்கும். வெல்வெட்டின் குறை, கண்ட தூசியும் வந்து அப்பிக்கொள்வது.

கேமரா காட்டும் எக்ஸ்போஷரை அப்படியே நம்புவது

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு எதிரில் இருப்பது பூவா துணியா என்று தெரியாது. பார்க்கிற காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பலில் வர வேண்டும் என்பதே அதன் கணக்கு. ஃபிரேமில் முக்கால்வாசி கறுப்பு என்றால், அடடா இருட்டாக இருக்கிறதே என்று அது எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும். பின்னணி வெளிறும், பூ எரிந்துபோகும். கேமரா தேர்ந்த எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-லிருந்து மைனஸ் 2 வரை இறக்கி எடுத்துப் பாருங்கள். அல்லது ஸ்பாட் மீட்டரிங்கில் பூவை மட்டும் அளந்து எடுங்கள். மொபைலில் என்றால் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வேலை முடிந்தது.

சிவப்புப் பூவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை செம்பருத்தி ஒன்றை இரண்டு மணி நேரம் விதவிதமாக எடுத்தேன். கேமராத் திரையில் பளிச்சென்று இருந்தது, ஹிஸ்டோகிராமிலும் (படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் எதுவும் முட்டவில்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. இதழில் அடியிலிருந்து விளிம்புவரை விசிறி மாதிரி ஓடும் நரம்புகள் இருக்குமே, அவற்றில் ஒன்றுகூட இல்லை. இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இருந்த மடிப்பும் இல்லை. சிவப்பு வண்ணத்தை வழித்துப் பூசியது போல ஒரே திட்டு.

நடந்தது இதுதான். சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்து ஒரே பிரகாசமாகக் காட்டுகிறது. அந்தக் கலவையில் பச்சைக்குத்தான் எடை அதிகம், சிவப்பின் பங்கு கம்மி. சிவப்புச் சேனல், அதாவது சிவப்பின் அளவு மட்டும், உச்சியில் முட்டி நின்றாலும், பச்சையும் நீலமும் கீழேயே கிடப்பதால் மொத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். கேமராவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வசதி இருந்தால், சிவப்பு, மஞ்சள், ரோஸ் நிறப் பூக்களுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு வலது சுவரில் மோதினால் இன்னும் இறக்குங்கள். பூ கொஞ்சம் மங்கலாக வந்தாலும் ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் ஃபைல்) ஏற்றிக்கொள்ளலாம். முற்றிலும் எரிந்துபோன சிவப்பிலிருந்து நரம்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஹிஸ்டோகிராமின் இடது பக்கத்தில் மலை போலக் குவிந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பின்னணி கறுப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேருக்கு நேர் ஒளி

கேமராவின் சொந்த ஃப்ளாஷை அடிப்பது பூவைத் தட்டையாக்க எளிய வழி. முன்னாலிருந்து வரும் ஒளியில் நிழலே இருக்காது, நிழல் இல்லாமல் இதழின் குழிவும் வளைவும் தெரியாது. விளக்கைப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னும் கொஞ்சம் துணிந்து, பூவுக்குச் சற்றே பின்னால் கொண்டுபோங்கள். இதழ் வழியாக ஒளி ஊடுருவி வரும், தண்டில் இருக்கும் பூனைமுடி வெள்ளிக் கம்பி போல மின்னும். கறுப்புப் பின்னணியின் அழகே அந்த மினுக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அப்போது லென்ஸுக்குள் நேராக ஒளி புகாதபடி லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹுட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கறுப்பின் மேல் வெண்புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும்.

கருஞ்சிவப்பு ரோஜா போன்ற இருண்ட பூக்களுக்கு இந்தப் பின்பக்க ஒளி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் விளிம்பு எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது. நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் அந்தப் பக்க இதழ்களும் மெல்ல எட்டிப்பார்க்கும்.

ஃபோகஸ்

பின்னணியை மங்கலாக்க லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை அகலத் திறக்கும் பழக்கம் இங்கே உதவாது. பின்னணிதான் ஏற்கெனவே கறுப்பாயிற்றே, மங்கலாக்க அங்கே என்ன இருக்கிறது? முழு ஃபிரேம் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு 1:1 அளவில், அதாவது சென்சாரில் பூ நிஜ அளவிலேயே விழும்படி எடுத்தால், எஃப் 8-ல்கூட (எஃப் எண் கூடக் கூட அப்பெர்ச்சர் சிறிதாகும்) தெளிவாக வரும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். செம்பருத்தியின் நடுவில் நீண்டு நிற்கும் தண்டின் நுனியில் ஃபோகஸ் வைத்தால் இதழ் பஞ்சாகிவிடும். அதற்காக எஃப் 22 வரை போனால் சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுக்கவே கூர்மை குறையும். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எஃப் 11 வாக்கில் எடுத்துப் பிறகு க்ராப் செய்யலாம். அல்லது முக்காலியில் கேமராவை வைத்து, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கலாம். அடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பூவும் சும்மா இருக்காது: டியூலிப் போன்றவை விளக்கின் சூட்டில் விரியத் தொடங்கும், முதல் படத்தில் இருந்த இதழ் கடைசிப் படத்தில் வேறிடத்தில் இருக்கும். வேகமாக எடுத்து முடிப்பதுதான் ஒரே வழி.

எடுப்பதற்கு முன் மெல்லிய தூரிகையால் பூவை ஒருமுறை துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கண்ணில் படாத ஒவ்வொரு மகரந்தத் துகளும் கறுப்பில் நட்சத்திரமாக நிற்கும்.

வெட்டி ஒட்டியது போன்ற விளிம்பு

எடிட்டிங்கில் மிக அதிகம் நடக்கும் தவறு இது. பகல் வெளிச்சத்தில் எடுத்த பூவை ஒரே சொடுக்கில் தானாகத் தேர்வு செய்து, பின்னால் ஒரு கறுப்பு லேயரை (அடுக்கை) போட்டுவிடுவது. விளிம்பில் பழைய பின்னணியின் பச்சை ஒரு கோடாக ஒட்டிக்கொண்டு வரும், தண்டின் முடிகள் மழித்தது போலப் போய்விடும். எல்லா விளிம்புக்கும் ஒரே அளவு ஃபெதர் (விளிம்பைக் கரைக்கும் மங்கல்) கொடுப்பதும் தவறுதான். முன்னால் நீட்டி நிற்கும் இதழின் விளிம்பு கூர்மையாக இருக்கும், பின்னால் மடங்கிய இதழின் விளிம்பு மங்கலாகக் கரையும். மாஸ்க்கும் (தேர்ந்த பகுதியை மட்டும் பிரித்துக்காட்டும் மறைப்பு) அதேபோல இடத்துக்கு இடம் மாற வேண்டும். அப்படியே நேர்த்தியாக வெட்டினாலும், வானத்தை எதிரில் வைத்து எடுத்த பூவில் நான்கு பக்கமும் ஒளி விழுந்திருக்கும். அதைக் கும்மிருட்டில் வைத்தால் இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கண் கேட்கும்.

மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1770-களில், தம் 70 வயதுக்கு மேல், வண்ணக் காகிதங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களை உருவாக்கினார். ஏறக்குறைய 1,000 பூக்கள், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தனையும் வெட்டி ஒட்டியவை, ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. ஓர் இதழுக்கே பல நிறத் துண்டுகளை அடுக்கி, வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்க வைத்திருப்பார். கறுப்பைத் தொடும் இடத்தில் இதழ் இருண்டுகொண்டே போய்ச் சேர்வதைக் கவனியுங்கள். நம் மாஸ்க்கின் ஓரத்தில் லேசாக இருட்டைத் தடவிவிடுவதும் அதே வித்தைதான்.

கறுப்பைக் கூட்டும்போது மொத்தப் படத்துக்கும் சேர்த்துக் கூட்டாதீர்கள். பின்னணிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கர்வ்ஸில் (வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் வளைகோடு) இடது கீழ் முனையை மெல்ல வலது பக்கம் நகர்த்துங்கள். பிரஷ்ஷால் கறுப்புத் தடவுபவர்கள் ஒரு சோதனையைச் செய்தே ஆக வேண்டும். மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு நிழல்களைத் தாறுமாறாகத் தூக்கிப் பாருங்கள். சுத்தக் கறுப்பு என்று நினைத்த இடத்தில் தடவியதும் தடவாததும் திட்டுத் திட்டாகத் தெரியும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் அச்சுக்கு அனுப்பிய ஒரு படத்தில், அல்லியின் தலைக்கு மேல் வட்ட வட்டமாகப் பிரஷ் தடம் தெரிந்தது. என் திரையில் அதன் சுவடே இருந்ததில்லை.

பின்னணி மெல்ல இருண்டுகொண்டே போகும் படங்களில் படிப்படியாகக் கோடு விழுவதும் உண்டு. 8 பிட் ஃபைலில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான், அதில் இருட்டுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து. பாதி ஃபிரேமுக்கு அதை நீட்டினால் படிக்கட்டு தெரியாமல் என்ன செய்யும்? ராவில் எடுத்து, 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் துளி கிரெயின் (பொடிப் பொடிப் புள்ளிகள்) தூவினால் கோடுகள் மறையும்.

கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பன் அதிகமானால் கறுப்பை ஒட்டி வெள்ளைக் கோடு விழும். நுண்விவரத்தைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி இதழைச் சொரசொரப்பாக்கும். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புக்கு எதிரில் எந்த நிறமும் தானாகவே தூக்கலாகத் தெரியும், பல நேரம் நான் அதைக் குறைக்கத்தான் செய்கிறேன்.

திரையின் வெளிச்சத்தையும் பாருங்கள். இருட்டறையில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால், அச்சில் படம் மூழ்கிப்போய் வரும். ஓலெட் திரையுள்ள மொபைலில் சுத்தக் கறுப்புப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும், எல்சிடி திரையில் பின்விளக்கு கசிந்து அதே கறுப்பு சற்று வெளிறும். இரண்டிலும் பார்த்துவிட்டு, இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமியுங்கள்.

க்ராப் செய்யும்போது தண்டை மறந்துவிடாதீர்கள். கறுப்பின் நடுவில் தண்டு திடீரென்று முடிந்தால், பூ எதிலும் பிடிப்பில்லாமல் அந்தரத்தில் தொங்கும். அது ஃபிரேமின் கீழ் விளிம்பைத் தாண்டி வெளியே போகட்டும். அல்லது கீழே போகப் போக ஒளி குறைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் இருட்டுக்குள் இறங்கட்டும். விளக்குக்கும் தண்டுக்கும் நடுவில், படம் எடுக்கும்போதே, ஒரு சாண் அட்டையைப் பிடித்தால் போதும்.