ஜெர்மன் முன்மாதிரி டாங்கி கிட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த மௌஸ் டாங்கி மொத்தமே இரண்டுதான் உருவானது. பான்தர் டாங்கியோ சுமார் 6,000. பான்தர் கிட்டை, அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடலை, கட்டும்போது ஒரு கொக்கியை இடம் மாற்றி வைத்தாலும், நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும், எங்கோ ஒரு படைப்பிரிவில் அப்படியும் ஒரு வண்டி இருந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சோதனைக்காகச் செய்த முன்மாதிரி டாங்கிகளில் அதற்கு இடமில்லை. இருந்தது ஒன்றோ இரண்டோதான். அவை எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தக் கோலத்தில் நின்றன என்பதற்குப் பெரும்பாலும் படங்களும் இருக்கின்றன. அதனால் இந்தக் கிட்டுகளில் கண்ணை உறுத்தும் தவறுகள் பலவும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. மாடல் எந்த நாளைய வண்டியைக் காட்டுகிறது என்று நாள் குறிக்காமல் வேலையை ஆரம்பிப்பதுதான் முதல் தவறு.

நாள் குறிப்பதற்கு முன், கையில் இருக்கும் கிட் எந்த வகை என்று தெரிய வேண்டும். உண்மையில் ஓடிய வண்டிகள் ஒரு வகை: மௌஸ், நோய்பாஃபார்ட்சோய்க், ஸ்டூரர் எமில், போர்ஷே டைகர். பாதியில் நின்றவை இன்னொரு வகை: இ-100, கிரில்லே 17, பான்தர் 2. காகிதத்தைத் தாண்டாதவை மூன்றாவது வகை: லோவே, இ-50, இ-75, 1,000 டன் எடைக்குத் திட்டமிட்ட ராட்டே. பெட்டிப் படத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எல்லாப் பெட்டியிலும் டாங்கி ஏதோ ஒரு நகரத் தெருவில் சீறிக்கொண்டு வரும். கணினி விளையாட்டுகளில் பார்த்துப் பழகியவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே ஓடிய வண்டியும் ஓடாத வண்டியும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

அடுத்தது, அருங்காட்சியகப் படத்தை அப்படியே நம்புவது. மௌஸை விட நல்ல உதாரணம் இதற்குக் கிடையாது. மாஸ்கோ அருகே குபிங்காவில் இன்று நிற்கும் மௌஸின் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கோணத்துக்கு ஒரு படம், தெளிவான படம், வண்ணப் படம். ஆனால் போர்க்காலத்தில் அப்படி ஒரு வண்டி இருந்ததே இல்லை. முதல் வண்டியான வி1-க்கு உண்மையான டரட் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூண்டு) கிடைக்கவில்லை. சோதனை ஓட்டத்துக்காக அதே எடையில் ஒரு போலி டரட்டை ஏற்றி ஓட்டினார்கள். பீரங்கியோடு கூடிய உண்மையான டரட் இரண்டாவது வண்டியான வி2-க்குத்தான் பொருத்தப்பட்டது. போர் முடியும் தறுவாயில் வி2-ஐ ஜெர்மானியர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடிவண்டி சிதைந்தாலும் டரட் தப்பியது. சோவியத் படையினர் அந்த டரட்டை எடுத்து வி1-இன் அடிவண்டி மேல் வைத்து 1946-இல் குபிங்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, அங்கே நிற்பது இரண்டு வண்டிகளின் கலவை. அதன் மேல் இருக்கும் பெயின்ட் பிற்காலத்தில் பூசியது. உடம்பில் தெரியும் குண்டுத் தழும்புகள் சோவியத் சோதனைகளில் விழுந்தவை. 1944-இல் பாப்லிங்கன் சோதனைத் திடலில் நிற்கும் மௌஸைச் செய்கிறேன் என்று சொல்லி அந்தத் தழும்புகளையும் செதுக்கி வைத்தால், அது இரண்டு காலத்தை ஒட்டுப்போட்ட வேலை ஆகிவிடும். குபிங்கா வண்டியையே செய்கிறேன் என்றால் அது வேறு விஷயம், அழகான விஷயமும்கூட. அப்போது தழும்பும் வேண்டும், உள்ளே ஒன்றுமில்லாத வெறுமையும் வேண்டும்.

பான்தர் 2 கதையும் இதேதான். கட்டி முடித்தது ஒரே ஒரு அடிவண்டி. அமெரிக்கர்கள் அதைக் கொண்டுபோய் சாதாரண பான்தர் ஜி வகையின் டரட்டை மேலே வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். கிட்டில் வரும் குறுகிய முகமும் 88 மி.மீ. பீரங்கியும் கொண்ட டரட், அந்த அடிவண்டி மேல் ஒருநாளும் ஏறியதில்லை. எதைச் செய்தாலும் தவறில்லை. அருங்காட்சியக வண்டியா, 'இப்படி வந்திருக்கலாம்' என்ற கற்பனையா என்பதைச் செய்கிறவர் அறிந்து செய்ய வேண்டும். கற்பனை டரட்டை வைத்துவிட்டு அருங்காட்சியக வண்டியின் அடையாளக் குறிகளை ஒட்டுவதுதான் சங்கடம்.

சரி, நிறத்துக்கு வருவோம். இதில்தான் நாள் குறித்ததன் பலன் தெரியும். ஜெர்மன் டாங்கி நிறங்களுக்கு மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1940 ஜூலை முடியும் வரை அடர்சாம்பலும் அடர்பழுப்பும் கலந்த இரட்டை நிறம். அதற்குப் பிறகு அடர்சாம்பல் மட்டும். 1943 பிப்ரவரியிலிருந்து அடர்மஞ்சள் அடிநிறம், அதன் மேல் தேவைக்கேற்பச் செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும்.

இதை நோய்பாஃபார்ட்சோய்க்கில் பொருத்திப் பாருங்கள். ஐந்தே வண்டிகள். அவற்றில் உண்மையான கவசத் தகடு போட்ட மூன்று, 1940 ஏப்ரலில் ஓஸ்லோவில் இறங்கின. அந்தத் தெருப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அவற்றில் வண்டி முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிகிறது என்று பலரும் சாம்பலை மட்டும் அடித்துவிடுகிறார்கள். தேதியைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு பழுப்பு இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிறங்களும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும் அளவுக்கு இருண்டவை. டாங்கி வரலாற்றாய்வாளர்கள் தாமஸ் ஜென்ட்ஸும் ஹிலரி டாய்லும் பழைய ஜெர்மன் ஆணைகளைத் தோண்டி எடுத்து எழுதிய பிறகுதான் இந்த விஷயமே மாடல் கட்டுகிறவர்களிடம் பரவலாகத் தெரிந்தது. இதே வண்டியில் சிக்கவைக்கும் இன்னொரு இடம் டரட். முதலில் செய்த வகையில் இரண்டு பீரங்கிகளும் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். நார்வே போன வகையில் பக்கம் பக்கமாக இருக்கும். மேல்கீழ் பீரங்கி டரட்டை வைத்து ஓஸ்லோ காட்சி அமைத்தால், விஷயம் தெரிந்தவர் அறைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிடுவார்.

ஸ்டூரர் எமிலுக்கும் இதே கணக்குதான். 128 மி.மீ. பீரங்கி ஏற்றிய இரண்டு வண்டிகள், 521-ஆவது டாங்கி எதிர்ப்புப் பிரிவில் கிழக்கு முனையில் சண்டையிட்டன. ஒன்று அழிந்தது, மற்றது ஸ்டாலின்கிராட் பகுதியில் பிடிபட்டது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து முடிந்தது 1943 பிப்ரவரி 2. அடர்மஞ்சள் ஆணை வந்தது அதே மாதம் 18. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தாலே போதும், எமிலுக்கு மஞ்சள் அடிக்கக் கை போகாது. குளிர்காலக் காட்சி என்றால் சாம்பலின் மேல் வெள்ளைப் பூச்சு.

போர்ஷே டைகர் இன்னும் சுவாரசியமானது. 1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்த நாள் அன்று ராஸ்டன்பர்கில் அவருக்குக் காட்டிய வண்டி ஒரு கோலம். 1944-இல் 653-ஆவது கனரக டாங்கி எதிர்ப்புப் பிரிவில் தளபதி வண்டியாக ஓடியது இன்னொரு கோலம்: முகப்பில் கூடுதல் கவசம், உடம்பெல்லாம் ஸிம்மரிட் பூச்சு. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய அந்த வரிவரியான சாந்து 1943-இன் பிற்பகுதியில் வந்து 1944 செப்டம்பரில் நின்றது. 1942 வண்டியில் அது இருக்க வழியே இல்லை. 'ஜெர்மன் கனரக டாங்கி என்றால் ஸிம்மரிட் உண்டு' என்று நினைத்து மௌஸுக்கும் பூசிவிடுகிறவர்கள் உண்டு. மௌஸ் காலத்தால் அதற்குள் வந்தாலும், அது சோதனைத் திடலைத் தாண்டிப் போர்முனைக்குப் போகவில்லை. படங்களிலும் அந்தப் பூச்சு இல்லை.

இ-100 செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடர்போர்ன் அருகே ஹவுஸ்டன்பெக்கில் 1945-இல் நேச நாட்டுப் படைகள் கண்டது டரட் இல்லாத அடிவண்டி, அதுவும் ரயிலில் ஏற்றுவதற்கான குறுகிய டிராக்குகள் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைகள்) மேல். பிரிட்டன் கொண்டுபோய், பின்னர் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். அந்த நிலையிலேயே, பக்கக் கவசம் இல்லாமல், ஓர் அரைகுறைத் தொழிற்கூடச் சூழலில் வைத்து யாராவது செய்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். டரட்டோடு செய்வதானால் செய்யுங்கள், ஆனால் பெர்லின் தெருவில் குண்டு துளைத்த தழும்போடு நிறுத்தாதீர்கள். ஓடாத வண்டிக்குத் துருவும் தழும்பும் எங்கிருந்து வரும்?

இனி மேசை வேலை. பொதுவான தவறுகள் எல்லா கிட்டுக்கும் ஒன்றுதான்: பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பெயின்ட் அடிப்பது, பித்தளைத் தகட்டைப் பிளாஸ்டிக் பசையால் ஒட்டப் பார்ப்பது. பித்தளைக்கு சூப்பர் க்ளூதான். வளைக்க வேண்டிய பித்தளைத் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்கி ஆறவிட்டால் சொன்னபடி வளையும். மழைக்காலத்தில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் கட்டும். காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

மௌஸுக்கென்று சில உண்டு. டிராகன், ட்ரம்பெட்டர், டாக்கம் மூன்று நிறுவனங்களுமே 1:35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) மௌஸ் போட்டிருக்கின்றன. யாருடையதாக இருந்தாலும், சக்கரங்கள் அனைத்தும் பக்கக் கவசத்துக்குள் மறைந்துவிடும். இரண்டு தவறுகள் இங்கே எதிரெதிராக நடக்கின்றன. சிலர் வெளியே தெரியவே தெரியாத சக்கரங்களில் வார்ப்பு அச்சு விட்ட வரியை வாரக்கணக்கில் தேய்க்கிறார்கள். சிலர் பக்கக் கவசத்தை முதலில் ஒட்டிவிட்டு, அப்புறம் தூரிகை உள்ளே நுழையாமல் தவிக்கிறார்கள். சக்கரம், டிராக், உள்பக்கச் சுவர் மூன்றுக்கும் நிறமும் தூசியும் கொடுத்து முடித்த பிறகே கவசத்தை மூட வேண்டும். தரையைத் தொடும் டிராக்கும் முன்னும் பின்னும் தெரியும் வளைவும் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

188 டன் வண்டியில் பெரும்பகுதி வெறும் தட்டைத் தகடு. ஒரே நிறத்தில் அடித்தால் பொம்மை மாதிரி நிற்கும் என்ற பயத்தில் வெல்டிங் வரிகளைப் பிதுங்கப் பிதுங்க வைத்துவிடுகிறார்கள். 2 செ.மீ. அகல வெல்டிங் 1:35-இல் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். சேறும் அப்படியே: நிஜத்தில் 5 செ.மீ. கனமான சேறு மாடலில் ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாது. சேறு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாப்லிங்கனில் மௌஸ் இளகிய மண்ணில் புதைந்து நிற்கும் படங்கள் இருக்கின்றன. மௌஸுக்குச் சேறுதான் உண்மையான அடையாளம். அது டிராக்கிலும் பக்கக் கவசத்தின் கீழ் விளிம்பிலும் கனமாக இருக்கட்டும். மேல்தளத்தில் பணியாளர்கள் ஏறி இறங்கிய பூட்ஸ் மண் மட்டும் போதும். சில மாதங்களே ஓடிய வண்டிக்குப் பெயின்ட் உரிந்து துரு வழியாது.

எமிலுக்கு மட்டும் தாராளமாகக் கை வைக்கலாம். அது உண்மையில் போரிட்ட வண்டி. பிடிபட்டபோது பீரங்கிக் குழலில், அழித்த வண்டிகளைக் கணக்கு வைக்கும் 22 வெற்றி வளையங்கள் இருந்தன. அவற்றை டீக்கல் (கிட்டோடு வரும் ஒட்டுப்படம்) ஒட்டிய கையோடு விடாமல், மேலே லேசாகப் புகைக் கறுப்பும் தூசியும் படியவிடுங்கள். வளையங்கள் மட்டும் புத்தம் புது வெள்ளையாகப் பளிச்சென்று நின்றால், சுற்றிலும் செய்த அத்தனை வேலையும் அடிபட்டுப் போகும்.